நெய்க்காரப்பட்டிக்கு வராத கடிதம் எங்கே நிற்கிறது?

பழனியிலிருந்து உடுமலைப்பேட்டை போகும் சாலையில் நெய்க்காரப்பட்டி வட்டாரத்தைத் தாண்டும்போது, கரும்பு ஆலை ஓடும் நாளாக இருந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்கு ஊரைக் கண்டுபிடித்துவிடும். கொப்பரையில் பாகு காயும் வாசனை அப்படி. மார்கழி பிறந்தால் பொங்கல் வெல்லத்துக்கான பேச்சுவார்த்தை சூடுபிடிக்கும். ஒரு காலத்தில் வெளியூர் வியாபாரி நேரில் வந்தார், பிறகு போன் செய்தார், இப்போது வாட்ஸ்அப்பில் படம் கேட்கிறார். ஆனால் ஆர்டர் கொஞ்சம் பெரிதாகி, பில், முன்பணம், வங்கி விவரம் என்று எழுத்தில் வேண்டியிருந்தால் இன்றும் எல்லோரும் மெயிலுக்குத்தான் திரும்புகிறார்கள்.

அப்படி ஒரு ஆர்டர் சென்னையிலிருந்து வந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று நாள் கழித்து போன் ஒலிக்கிறது.

"மெயில் போட்டு மூணு நாளாச்சு, பதிலே காணோமே?"

"எங்களுக்கு ஒண்ணும் வரலைங்களே. ஸ்பேம்லகூட பார்த்துட்டனுங்க."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சென்னைக்காரரின் சர்வரில் கடிதம் ஒப்படைக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. நெய்க்காரப்பட்டிக்காரரின் இன்பாக்ஸிலும் இல்லை, ஸ்பேம் பெட்டியிலும் இல்லை. கடிதம் தொலையவும் இல்லை. அது நிற்கிற இடத்துக்கு ஹோல்டு என்று பெயர். மெயில் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஓர் அறை இருப்பதே தெரியாது.

மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய விதிகள் அவை. 2008 அக்டோபரில் திருத்திய பதிப்பு வந்தது. அனுப்பும் சர்வர், யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்லி, கடிதம் முழுவதையும் ஒப்பித்துவிட்டு, கடைசியில் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைக்கும். அந்தப் புள்ளிக்குப் பதிலாக எதிர்ப்பக்கம் 250 என்று சொன்னால் கடிதம் கைமாறிவிட்டது. தபால் அலுவலகத்தில் பதிவுத்தபாலை வாங்கிக்கொண்டு ரசீது கிழித்துக் கொடுப்பதற்குச் சமம் அது. ரசீது கொடுத்த பிறகு அற்பக் காரணங்களுக்காகக் கடிதத்தைத் தொலைக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது.

250 சொல்ல மனமில்லை என்றால் இரண்டு வழி உண்டு. 5-ல் தொடங்கும் எண் சொன்னால், முடியாது, திரும்பிப் போ. 4-ல் தொடங்கினால், இப்போது முடியாது, அப்புறம் வா. 4 கேட்ட சர்வர் கடிதத்தைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும். குறைந்தது 30 நிமிட இடைவெளி விட வேண்டும், நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்பது 2008 பதிப்பின் பரிந்துரை. மெயிலில் வரிசை என்ற ஏற்பாடு உருவானதே இதற்காகத்தான். கரன்ட் போகும், கேபிள் அறும், எதிர் சர்வர் மூச்சுத் திணறும் உலகத்துக்காக எழுதப்பட்ட விதிகள் இவை. கெட்ட எண்ணத்தோடு வரும் கடிதம் அவற்றின் கணக்கில் இல்லை.

அது விதிகளுக்கு முன்பே வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தூர்க், புதிய கணினி ஒன்றை விளம்பரம் செய்து ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். ஸ்பேமின் தலைச்சன் பிள்ளை என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

வடிகட்டிகள் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியது அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். 2001-ல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ஸ்பேம்அசாசின், ஒரு கடிதத்தைப் பல கோணத்தில் பார்த்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும். மொத்தம் 5-ஐத் தொட்டால் ஸ்பேம். நம் சென்னை ஆர்டரை அதில் போட்டுப் பாருங்கள். தலைப்பு முழுக்கக் கொட்டை எழுத்தில் 'அர்ஜென்ட்'. கூடவே ஒரு கோப்பு. முன்பின் அறியாத முகவரி. அனுப்பிய கடையின் டொமைனில், 'எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப இந்த சர்வருக்குத்தான் உரிமை' என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவை யாரும் போடவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் குற்றமில்லை. கூட்டினால் 5.3 வருகிறது என்று வையுங்கள், கதை முடிந்தது.

தமிழில் எழுதினால் தப்பிக்கலாமா? இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய சங்கதி இருக்கிறது. எனக்கு இந்த எழுத்துமுறைகளில் வரும் கடிதம் சந்தேகத்துக்குரியதல்ல என்று ஸ்பேம்அசாசினுக்குச் சொல்லி வைக்க ஓர் அமைப்பு உண்டு. ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், ரஷ்யம், தாய், சீனம் என்று அதில் ஆறே வகைதான். தமிழுக்கு அங்கே இடமில்லை. மொழியை ஊகிக்கும் வேறொரு கருவியின் பட்டியலில் தமிழ் இருக்கிறது என்பது சின்ன ஆறுதல். யூனிகோடு நிலைபெறுவதற்கு முன் டிஸ்கி, டேப் முதலிய எழுத்துருக் குறியீடுகளில் தலைப்பு எழுதி அனுப்பியவர்கள், தலைப்பில் சட்டவிரோத எழுத்துகள் என்ற விதியில் சிக்கும் ஆபத்தோடுதான் அனுப்பினார்கள். 

இன்னொரு சிக்கல் நுட்பமானது. 2002 ஆகஸ்டில் பால் கிரகாம் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு, எந்தச் சொல் ஸ்பேமில் அதிகம் வருகிறது என்று தானே கற்றுக்கொள்ளும் புள்ளியியல் வடிகட்டிகள் பரவின. கற்றுக்கொள்ளும் கருவி, காட்டியதைத்தான் கற்கும். ஒரு சர்வருக்கு வந்த தமிழ்க் கடிதங்கள் பத்தில் ஒன்பது வட்டிக்கடை விளம்பரமாக இருந்துவிட்டால், பத்தாவதாக வரும் உண்மையான கடிதம் 'முன்பணம்' என்று தொடங்கினாலே முகத்தைச் சுளிக்கும். இதைக் கருவியின் தவறு என்று சொல்வதைவிட வளர்ப்பின் தவறு என்பதே சரி.

வடிகட்டி சந்தேகப்பட்டுவிட்டது. இனி என்ன செய்வது?

வாசலிலேயே 5 சொல்லித் திருப்பலாம். அனுப்பியவருக்கு உடனே தெரிந்துவிடும், ஒளிவுமறைவில்லை. ஆனால் சோதனை முடியும்வரை எதிராளியை வாசலில் நிற்கவைக்க வேண்டும். இணைப்புக் கோப்புகளைப் பிரித்து வைரஸ் தேட நேரம் பிடிக்கும். வாங்கிக்கொண்டு பிறகு திருப்பி அனுப்பலாம் என்றால், ஸ்பேமின் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருட்டு முகவரி. சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் பெட்டியில் நம் மறுப்புக் கடிதங்கள் குவியும். சத்தமில்லாமல் தூக்கிப் போடலாம். ரசீது கொடுத்துவிட்டுக் கடிதத்தை அடுப்பில் போடும் வேலை அது, இரண்டு பக்கத்தாருக்கும் தெரியாமல்.

வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு நான்காவது வழி பழக்கப்பட்டது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆலைக்கு வருகிறார். வெள்ளைச் சர்க்கரை கலந்திருக்கிறதோ, நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் கூடுதலாக விழுந்திருக்கிறதோ என்று ஐயம். ஐயம்தான், முடிவில்லை. உடனே குழிவெட்டிப் புதைக்கவும் மாட்டார், லாரியில் ஏற்றவும் விட மாட்டார். மூட்டைகளைத் தனியே அடுக்கி, தொடக் கூடாது என்று எழுதிவைத்து, மாதிரியை நான்கு பங்காக்கி ஒன்றைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் அறிக்கைக்கு 14 நாள் கெடு வைத்திருக்கிறது. சுத்தம் என்று வந்தால் மூட்டை மறுபடி மண்டிக்குப் போகும். ஹோல்டும் ஏறக்குறைய இதுதான். ஒரே ஒரு வித்தியாசம்: தன் மூட்டை நிறுத்தப்பட்டிருப்பது ஆலைக்காரருக்குத் தெரியும். மெயிலில் தெரியாது.

நிறுத்திவைக்க இடமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தியா ஒருநாள் பார்த்தது. 2021 மார்ச் 8. வணிகக் குறுஞ்செய்திகளுக்கான 2018-ம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, நிறுவனங்கள் முன்கூட்டிப் பதிவுசெய்த வாசகத்தோடு ஒத்துப்போகாத எஸ்எம்எஸ்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வடிகட்டத் தொடங்கின. பல வங்கிகளும் நிறுவனங்களும் வாசகங்களைச் சரியாகப் பதிந்திருக்கவில்லை. ஓடிபிகள் பெருமளவில் நின்றன. பணம் அனுப்ப முடியவில்லை, ஆதார் சரிபார்ப்பு தடுமாறியது, அப்போதுதான் தொடங்கியிருந்த கோவின் தடுப்பூசிப் பதிவும் தடுமாறியது. மறுநாளே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் வடிகட்டலை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்தது. ஓடிபியின் ஆயுளே சில நிமிடம் என்பதால் அதை நிறுத்திவைத்துப் பிறகு விடுவிப்பதில் பொருளில்லைதான். அங்கே கடத்து அல்லது கொல் என்ற இரண்டே வழி. மெயிலுக்கு அந்த நெருக்கடி கிடையாது; மூன்று நாள் தாமதமானாலும் வெல்ல ஆர்டர் வெல்ல ஆர்டர்தான்.

அறைகளும் சாவியும்

1998-ல் வியட்சே வெனிமா ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபடி வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ், உலகில் அதிகம் ஓடும் மெயில் சர்வர் மென்பொருள்களில் ஒன்று. அதன் உள்ளே கடிதங்கள் அறை அறையாக நகர்கின்றன. உள்ளூரில் எழுதியது விழும் அறை, வெளியிலிருந்து வந்தது சேரும் அறை, இப்போது பட்டுவாடா நடக்கும் அறை, 4 வாங்கித் திரும்பியவை காத்திருக்கும் அறை, படிக்க முடியாமல் சிதைந்த கோப்புகளுக்கு ஓர் அறை. அதோடு ஹோல்டு. மற்ற அறைகளில் எல்லாம் மணி அடித்தால் ஏதோ ஒன்று நகரும். ஹோல்டில் மட்டும் எதுவும் தானாக நகராது. ஒரு மனிதர் வந்து சொல்ல வேண்டும்.

சொல்வதற்கான கட்டளையின் பெயர் போஸ்ட்சூப்பர். சின்ன ஹெச் போட்டால் கடிதம் ஹோல்டுக்குள் போகும். பெரிய ஹெச் போட்டால் வெளியே வரும். ஆர் போட்டால் முதலிலிருந்து மறுபடி வரிசையில் நுழையும். டி போட்டால் அழியும். ஷிஃப்ட் விசையை அழுத்தினோமா இல்லையா என்பதில் ஒரு ஆர்டரின் தலையெழுத்து இருக்கிறது. எல்லாக் கடிதத்துக்கும் ஒரே அடியாகச் செய்வதற்கான 'ஆல்' என்ற சொல்லைக் கொட்டை எழுத்தில் அடித்தால்தான் ஏற்கும் என்று ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். டியும் ஆலும் சேர்ந்தால் மொத்த வரிசையும் போய்விடும் அல்லவா.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1995-ல் எழுதிய எக்ஸிம் இதையே வேறு சொல்லில் சொல்கிறது. அங்கே கடிதத்தை 'உறைய வைப்பார்கள்', பிறகு 'இளக்குவார்கள்'. கொப்பரைப் பக்கம் நிற்கிறவர்களுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். சிறு வியாபாரிகள் மாதக் கட்டணத்துக்கு எடுக்கும் பொது ஹோஸ்டிங் சர்வர்கள் பலவற்றில் ஓடுவது எக்ஸிம்தான்.

பெரிய ஹெச்சுக்கும் ஆருக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். விடுவித்தால், கடிதம் விட்ட இடத்திலிருந்து பயணத்தைத் தொடரும். மறுபடி வரிசையில் விட்டால், பயணம் புதிதாகத் தொடங்கும்: புதிய கோப்பு, புதிய வரிசை எண், கடிதத்தின் தலையில் வழிநடை முத்திரை இன்னொன்று. முகவரி மாற்ற விதிகள் திரும்ப ஒருமுறை பார்க்கப்படும். வெளியே தனியாக ஓடும் வடிகட்டி இருந்தால் அதன் வாசலுக்கும் இன்றைய விதிப்படி மறுபடி போகும். அலுவலகத்தில் முகவரியைத் தப்பாக மாற்றிவைத்துவிட்டு இப்போது திருத்தியிருக்கிறார்கள் என்றால் ஆர்தான் மருந்து. வடிகட்டியின் முடிவு தவறு, கடிதம் நல்லது என்று தெரிந்தால் ஆர் போடுவது வீண்வேலை; கடிதத்தைப் பிடித்த அதே விதி அங்கேயே நிற்கும், போனது திரும்பவும் மாட்டும். சந்தேகப்பட்ட செக்போஸ்ட்டுக்கே வண்டியைச் சுற்றி ஓட்டி வந்த கதை.

இப்படிச் சுற்றுவதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த முத்திரைகள். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 50 முத்திரை வரை பொறுக்கும். அதற்கு மேல் போனால் கடிதம் வழிதெரியாமல் சுற்றுகிறது என்று முடிவுகட்டித் திருப்பிவிடும்.

சுற்றாமலிருக்க வடிகட்டி அமைப்பவர்கள் இரண்டு வாசல் வைப்பார்கள். அமாவிஸ் என்ற இடைநிலை மென்பொருளின் வழக்கமான ஏற்பாட்டில், சோதிக்க வேண்டிய கடிதம் 10024 என்ற வாசல் வழியாக உள்ளே போகும். சோதித்தது 10025 வழியாக போஸ்ட்ஃபிக்ஸுக்குத் திரும்பும். இந்த இரண்டாம் வாசலில் வந்ததை யாரும் மறுபடி சோதிக்க மாட்டார்கள். நிறுத்திவைத்த கடிதத்தை விடுவிக்கும்போதும் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் விடுவார்கள்.

சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஃபீல்டு எழுதிய மெயில்ஸ்கேனர் இன்னும் துணிச்சலான வழியில் போனது. வருகிற எல்லாக் கடிதத்தையும் ஹோல்டில் போடு என்று போஸ்ட்ஃபிக்ஸிடம் சொல்லிவிட்டு, அங்கிருந்து கொத்துக் கொத்தாக எடுத்துச் சோதித்து, நல்லதை உள்வரும் அறையில் தானே கொண்டுபோய் வைத்தது. ஹோல்டே அதன் வரவேற்பறை. என் வரிசைக் கோப்புகளில் வெளியார் கை வைப்பது சரியல்ல என்பது போஸ்ட்ஃபிக்ஸ் தரப்பின் கோபம். ஆனாலும் பல அலுவலகங்களில் அது ஆண்டுக்கணக்கில் ஓடியது.

தென்காசி நிறுவனத்துக்கு நேர்ந்தது

ஹோல்டு என்பது கடிதத்துக்கு மட்டுமல்ல, ஒரு நிறுவனத்தின் பெயருக்கே விழுவதும் உண்டு. 1996-ல் தொடங்கிய, தென்காசி மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்தும் ஸோஹோ, 2008 முதல் மெயில் சேவையும் தருகிறது. 2018 செப்டம்பர் 24 அன்று, அதன் டொமைன் பெயரைப் பதிந்துவைத்திருந்த அமெரிக்க நிறுவனம் அந்தப் பெயரை முடக்கிவிட்டது. ஸோஹோ மெயில் கணக்குகளிலிருந்து ஃபிஷிங் கடிதங்கள் போனதாக வந்த புகார்கள்தான் காரணம். சில கெட்ட கடிதங்களுக்காகக் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் பெயரே இணையத்திலிருந்து மறைந்தது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வந்து வெளிப்படையாக உதவி கேட்கும் நிலை.

அந்த மணி நேரங்களில் உலகெங்கும் மெயில் சர்வர்கள் என்ன செய்திருக்கும் என்பது விதிகளிலிருந்தே தெரியும். பெயரைத் தேடிப் பதில் கிடைக்காத சர்வர், சரி பிறகு பார்க்கலாம் என்று கடிதத்தைத் தன் வரிசையில் வைத்துக்கொள்ளும். அப்படி ஒரு பெயரே இல்லை என்று திட்டவட்டமான பதில் வாங்கிய சர்வர், அனுப்பியவருக்கே திருப்பிவிடும். பெயர் மீண்டதும் முதல் வகைக் கடிதங்கள் தாமாக வந்து சேரும். இரண்டாம் வகையை யாராவது மறுபடி எழுதினால்தான் உண்டு. வடிகட்டுகிறவர், சந்தேகம் வந்ததும் கதவைச் சாத்தினாரா, ஒதுக்கி நிறுத்தினாரா என்பதன் விலை அங்கே வெளியே தெரிந்தது.

இந்திய அரசு ஊழியர்களின் மெயில்கள் இப்போது அதே ஸோஹோவின் தளத்துக்கு மாறியிருக்கின்றன. ஏழு ஆண்டுகளில் அப்படி ஒரு திருப்பம்.

யார் கையில் சாவி?

நிறுத்திவைத்த கடிதத்தை விடுவிக்கும் அதிகாரம் உள்ளவரால் அதைத் திறந்து படிக்கவும் முடியும். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. நெய்க்காரப்பட்டி வியாபாரியின் விலைப்பட்டியலும் வங்கி எண்ணும் எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கும் ஹோஸ்டிங் பையனின் திரையில் தெரியும். அதனால் யார் எதை எப்போது விடுவித்தார் என்ற பதிவு முக்கியம். இந்தியாவில் கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் பாதுகாக்கச் சொல்கிறது.

அவசரத்துக்கு விடுவிப்பதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பாக்கியைப் புதிய கணக்கில் போடவும்' என்று பழைய வாடிக்கையாளர் பெயரில் ஒரு கடிதம் வந்து நிற்கிறது. வடிகட்டி அதைப் பிடித்தது மிகச் சரி. ஆனால், "அண்ணா, பார்ட்டி அவசரப்படுத்துறாங்க, சீக்கிரம் விடுங்க" என்று போன் வந்தால் சர்வர்காரர் விட்டுவிடுவார். எழுத்தில் வந்த ஐயத்தை எழுத்திலேயே தீர்க்கக் கூடாது. ஏற்கெனவே கையில் இருக்கும் பழைய எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும், கடிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அல்ல.

என்னைக் கேட்டால், ஹோல்டு வைக்கிற எந்த இடத்திலும் தினம் ஒருமுறை பெறுநருக்குப் பட்டியல் போக வேண்டும்: உங்களுக்கு வந்த இத்தனை கடிதம் நிறுத்தப்பட்டிருக்கிறது, அனுப்பியவர் இன்னார், தலைப்பு இது. அமைத்துத் தரச் சொன்னால் பல சேவைகளில் இது கிடைக்கும். கேட்காவிட்டால் வராது. 2025 வரை பதிவுத்தபால் தனிச் சேவையாக இருந்த காலத்தில், வீடு பூட்டியிருந்தால் தபால் வந்திருக்கிறது என்று தபால்காரர் சீட்டுப் போட்டுவிட்டுப் போனார்; ஏழு நாள் அலுவலகத்தில் காத்திருந்தது. மெயில் சர்வருக்கு அந்தக் குறைந்தபட்ச மரியாதையைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஜிமெயிலின் ஸ்பேம் பெட்டி 30 நாளில் தானே காலியாகும். போஸ்ட்ஃபிக்ஸின் ஹோல்டு அறைக்குக் கெடுவே கிடையாது. மற்ற அறைகளில் ஐந்து நாள் தாண்டினால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். ஹோல்டில் அந்தக் கடிகாரம் ஓடினாலும் யாரும் பார்ப்பதில்லை. மார்கழியில் நின்ற ஆர்டரைச் சித்திரையில் ஒருவர் விடுவித்தால், முதல் முயற்சியிலேயே பட்டுவாடா ஆக வேண்டும். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கம் 4 சொல்லிவிட்டால், காலாவதி என்று கடிதம் சென்னைக்கே திரும்பிவிடும், பொங்கல் முடிந்து மூன்று மாதம் கழித்து.

நம் வியாபாரிக்கு அவ்வளவு தாமதமாகவில்லை. மூன்றாம் நாளே ஹோஸ்டிங்காரரைப் பிடித்துவிட்டார்.

"விட்டாச்சுங்கண்ணா. இப்ப பாருங்க."

"வரலையேப்பா. மேல பழனி பேங்க்கு மெயில்தான் இருக்குது."

"மேல பாக்காதீங்க. அவங்க எழுதின தேதியிலதான் உக்காரும். மூணு நாளைக்குக் கீழ தள்ளிப் பாருங்க."